சாமானில பிழை இல்லை, வைச்ச இடத்தில பிழை

“டூப்ளிக்கேற் சாமான் தம்பி, அதுதான் எரிஞ்சது. ஒரிஜினல் வாங்கிப் போடும், பிறகு பிரச்சினை வராது.”

எங்கட கராஜ்களில ஆகக் கூடுதலா விலைப்படுற சரக்கு இந்த வசனம்தான். ஒரிஜினல் வாங்கிப் போட்டவனுக்கும் மூன்று மாதத்தில திரும்ப எரிஞ்சால், “இப்ப வாற ஒரிஜினலும் முந்தியைப் போல இல்லை” என்று அடுத்த வசனம் தயாராக இருக்கும். மூன்றாம் தரமும் எரிஞ்சால் அது வண்டிக்காரன்ர ராசி. இந்த மூன்று விளக்கத்திலயும் வெப்பம் எங்கேயிருந்து வந்தது, வெளியே போக வழியில்லாமல் எங்கே நிண்டது என்ற கேள்வி மட்டும் வராது. அந்தக் கேள்வியை எழுப்பத்தான் இதை எழுதுறன். கொஞ்சம் கோபமாகவும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

பேச எடுத்திருக்கிற வண்டி எங்கட வீதிகளில அபூர்வம்: மோட்டார் சைக்கிள் எஞ்சின் பூட்டின கிற் கார். இங்கிலாந்தில இது ஒரு பழைய பைத்தியம். 1957 இல் கொலின் சப்மன் லோட்டஸ் செவன் காரைக் கொண்டுவந்தார். உதிரிகளாக வாங்கி வீட்டில பூட்டினால் கொள்வனவு வரி கட்டத் தேவையில்லை என்பதால சனம் அப்பிடியே வாங்கிச்சுது. 1996 இல் ரொன் சம்பியன் என்பவர் 250 பவுணுக்குள்ள ஸ்போர்ட்ஸ் கார் கட்டுவது பற்றிப் புத்தகம் போட்டார். அதுக்குப் பிறகு இரும்புக் குழாய் வெட்டி வெல்டிங் பிடிக்கத் தெரிஞ்சவன் எல்லாம் இறங்கிவிட்டான். 1998 இல் யமஹா ஆர் 1, 1999 இல் சுசுகி ஹயபுசா வர, விபத்தில நொருங்கின சைக்கிளின்ர எஞ்சினைக் கழற்றி அரை தொன் கூட வராத காருக்குள்ள வைக்கிற பழக்கம் பரவிச்சுது. குறைஞ்ச பாரம், பத்தாயிரத்துக்கு மேல போற சுற்று, ஆறு கியர். ரிவேர்ஸ் கியர்தான் இல்லை, அதுக்குத் தனி ஏற்பாடு வேணும்.

“இது எங்களுக்கு என்னத்துக்கு?” என்று கேட்பீங்கள். மொறட்டுவைப் பல்கலைக்கழக மாணவர்கள் இங்கிலாந்தின் ஃபோர்மியூலா ஸ்ருடன்ற் போட்டிக்குக் கார் செய்து கொண்டுபோயிருக்கினம். அந்தப் போட்டியின் விதி 710 சிசிக்கு மேல் விடாது, ஆனபடியால் அங்கே பெற்றோல் கார்கள் அநேகமாக மோட்டார் சைக்கிள் எஞ்சினில்தான் ஓடுது. எங்கட பெடியள் சிலர் யூரியூப் பார்த்து, பழைய எஞ்சின் தேடித் திரியிறாங்கள். அவர்களை விடுங்கோ, ஓட்டோவை யோசியுங்கோ. சின்ன எஞ்சின், பின்னுக்கு மூடின பெட்டி, அதுக்கு மேல சவுண்ட் செற், எல்.ஈ.டி. மாலை, ஹோர்ன் நாலு. கிற் காரில எரியிற அதே சாமான் அதே காரணத்துக்காகத்தான் ஓட்டோவிலயும் எரியுது. கிற் காரில அது தெளிவாகத் தெரியும், ஏனென்றால் அங்கே எஞ்சின் ஒரு உடம்பிலயிருந்து கழற்றி இன்னொரு உடம்புக்கு மாற்றப்பட்டது. மாற்றும்போது எது தவறவிடப்பட்டது என்று பார்க்கலாம்.

தவறவிடப்படுறது காற்று.

மோட்டார் சைக்கிளின்ர றெகுலேற்றர் ஒரு உள்ளங்கை அளவு அலுமினியப் பெட்டி. சிலர் கட்டவுட் என்றும் சொல்லுவினம். முதுகில செட்டை செட்டையா இருக்கும். எஞ்சின் சுத்த, காந்தச் சில்லும் சேர்ந்து சுத்தி, ஸ்ரேற்றர் சுருளில ஆடலோட்டம் பிறக்கும். மூன்று வயரில (அநேகமாக மஞ்சள்) அது றெகுலேற்றருக்கு வரும். உள்ளே இருக்கிற டயோட்டுகள், உயர்தரப் புத்தகம் இருவாயி என்று சொல்லுதே அதேதான், அதை நேரோட்டமாக்கி பற்றரிக்குக் குடுக்கும். 25 அம்பியர் போகும்போது இரண்டு டயோட்டைத் தாண்ட வேணும், ஒன்றில கிட்டத்தட்ட ஒரு வோல்ற் விழும். கணக்குப் பாருங்கோ: 50 வாற்ஸ் வெப்பம். ஒரு பழைய குமிழ் பல்ப் அளவு சூட்டை உள்ளங்கைப் பெட்டி ஒன்று ஓயாமல் வெளியே தள்ள வேணும். சைக்கிளில அது காற்றடிக்கிற இடமாகப் பார்த்துப் பூட்டுப்பட்டிருக்கும். யப்பானில இருந்த பொறியியலாளர் ஒருத்தர் யோசிச்சு வைச்ச இடம் அது. கார் கட்டுறவர் என்ன செய்யிறார்? வயர் எட்டுற இடத்தில, கண்ணுக்குத் தெரியாமல், டாஷ்போர்டுக்குக் கீழ, இல்லாட்டி கியர் சுரங்கத்துக்குள்ள, இன்னும் மோசமாக சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில ஒரு றிவெற் அடிச்சு விடுறார். பிறகு “டூப்ளிக்கேற் சாமான்”.

இந்த இடத்தில ஒரு பொய்யை உடைக்க வேணும். “சூடாகுதா? லைற்றை நிப்பாட்டி ஓடு, லோட் குறைஞ்சால் குளிரும்.” கேட்க நியாயமாக இருக்கும். கார் ஒல்ரனேற்றரில அது சரி, அங்கே காந்தப் புலத்தையே கூட்டிக் குறைக்கலாம். மோட்டார் சைக்கிளில இருக்கிறது நிரந்தரக் காந்தம், எஞ்சின் சுத்தும் வரைக்கும் அது ஓட்டத்தைப் பிறப்பிச்சுக்கொண்டே இருக்கும். பற்றரிக்குத் தேவையில்லை என்றால் சாதாரண றெகுலேற்றர் என்ன செய்யும் தெரியுமோ? மிச்ச ஓட்டத்தைத் தைரிஸ்ரர் ஒன்றால குறுக்கிக் கட்டி, திரும்ப ஸ்ரேற்றருக்கே சுத்த விடும். பற்றரியில 14 சொச்சம் வோல்ற்றுக்கு மேல ஏறாமல் இருக்கிறது இந்தக் குறுக்குச் சுற்றாலதான். ஆகவே லைற்றை நிப்பாட்டினாலும் மஞ்சள் வயரில ஓட்டம் குறையாது, பெட்டியும் குளிராது. லைற் இல்லாமல் இருட்டில ஓடினதுதான் மிச்சம்.

இதுக்கு மாற்று இருக்கு. சிண்டென்கன் நிறுவனத்தின் எஃப்எச் 020 போல மொஸ்ஃபெற் வகைகள் அதே குறுக்குச் சுற்றைக் குறைஞ்ச சூட்டோட செய்யும். எஸ்எச் 847 போன்ற தொடர் வகைகள் குறுக்கிக் கட்டாமல் பாதையையே திறந்து விடும், அதால ஸ்ரேற்றரும் ஆறுதலா இருக்கும். நல்ல சாமான்கள். ஆனால் கவனியுங்கோ, இதைச் சொன்ன உடனே “அப்ப அதை வாங்கிப் போட்டால் சரி” என்று திரும்பவும் கடைக்கு ஓடுற மனசுதான் எங்கட வியாதி. சைலன்சருக்குப் பக்கத்தில வைச்சால் அதுவும் எரியும், விலை மட்டும் கூட.

இரண்டாவது இடம் பிளக். உண்மையில முதல் உருகிறது அதுதான். றெகுலேற்றர் செத்ததென்று கொண்டுவாற வண்டியில மஞ்சள் வயர் மூன்றும் சேருற பிளக்கைக் கழற்றிப் பாருங்கோ. பிளாஸ்ரிக் மண்ணிறமாகி, ஒரு முள் கறுத்து, வயரின்ர தோல் பொருமியிருக்கும். ஓட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் வெப்பமாகப் போகிற வலு. இது எங்கள் எல்லாருக்கும் பாடம். 15 அம்பியர் போற இடத்தில துருவால ஒரு ஓமில பத்திலொரு பங்கு தடை வந்தால் 22.5 வாற்ஸ். றேடியோ திருத்துறவர் கையில பிடிக்கிற ஈயப்பற்று இரும்பும் அந்த அளவுதான். அதாவது உங்கட பிளக்குக்குள்ள ஒரு ஈயப்பற்று இரும்பைச் செருகி வைச்சுக்கொண்டு ஓடுறீங்கள். சூடாக, முள் தளரும். தளர, தடை கூடும். கூட, இன்னும் சூடாகும். இந்தப் பிளக்கை அப்பிடியே விட்டிட்டுப் புது றெகுலேற்றரை அதில செருகி, காசு வாங்கிக்கொண்டு அனுப்புற வேலைக்குத் திருத்தம் என்று பெயர் வைச்சிருக்கிறம்.

இதில கிற் காரின்ர சிக்கல் இன்னொரு படி மேல. சைக்கிளின்ர ஸ்ரேற்றர் சாதாரணமாக 350, 400 வாற்ஸ் தரும். அதுவும் சுற்று ஏறினபிறகு. காருக்கு றேடியேற்றர் காற்றாடி 10 அம்பியர், சில வேளை கூட. இரண்டு ஹெட்லைற் 9 அம்பியர். பெற்றோல் பம்ப் ஒரு ஐந்து. வைப்பர், பிறேக் லைற், எஞ்சின்ர கம்பியூட்டர் எல்லாம் வேற. மழை நாளில நெரிசலில நிண்டால் வரவைவிடச் செலவு கூட, பற்றரி இறங்கும். பாதை திறந்து ஓடத் தொடங்க, வெறுமையான பற்றரி கிடைக்கிறதெல்லாம் உறிஞ்சும். பாரம் குறைய என்று லித்தியம் பற்றரி போட்டிருந்தால் அது இன்னும் வெறியோட உறிஞ்சும். அந்த நேரம்தான் பிளக்கும் ஏர்த் வயரும் சோதிக்கப்படுது. வண்டியோ நல்லா ஓடுது, சாரதிக்குச் சந்தோசம், கீழ பிளாஸ்ரிக் மணக்குது.

ஏர்த் பற்றித் தனியாச் சொல்ல வேணும், ஏனென்றால் இதை ஒருத்தரும் மதிக்கிறதில்லை. எஞ்சின் றப்பர் மவுண்டில இருக்கு. சட்டம் முழுக்க பவுடர் கோற்றிங் பெயின்ற். பெயின்ற்றுக்கு மேல வளையத்தை வைச்சு நட் இறுக்கினால் ஓட்டம் எதுக்குள்ளால போறது? நட்டின்ர புரிக்குள்ளால. ஸ்ராட்டர் இழுக்கிற நூறு அம்பியரும், வழியில்லாட்டி, கிளட்ச் கேபிளுக்குள்ளாலயும் வீடு திரும்பும். கேபிள் சூடாகிப் புகைஞ்ச வண்டிகள் அப்பிடித்தான் உருவாகுது. எஞ்சின்ர அலுமினியத்திலயிருந்து பற்றரியின்ர மைனசுக்கு நேராக ஒரு தடிச்ச வயர், றெகுலேற்றரின்ர மைனசிலயிருந்தும் அதே முனைக்குத் தனி வயர். விலை சொற்பம். செய்யாததுக்கு ஒரே காரணம், ஏர்த் வயரை வாடிக்கையாளருக்குக் காட்டிக் காசு கேட்கேலாது.

அடுத்தது பியூஸ். 15 எரியுதா, 30 போடு. 30 எரியுதா, சிகரெற் பெட்டியின்ர வெள்ளித் தாள். பியூஸ் லைற்றையோ றேடியோவையோ காப்பாற்ற வைச்சது இல்லை, அது வயரைக் காப்பாற்ற. ஒரு சதுர மில்லிமீற்றர் வயர் பதினைஞ்சு பதினாறு அம்பியருக்கு மேல தாங்காது, அதில 30 பியூஸ் போட்டால் பியூஸ் எரிய முதல் வயர் எரியும், வயர் எரிய முதல் அதோட சேர்த்துக் கட்டின மற்ற வயர்களின்ர தோல் உருகும். அதுக்குப் பக்கத்தில பெற்றோல் குழாய் போகுது. கிற் காரில உங்கட முழங்கால் போற இடமும் அதுதான். ஓட்டோவில பின்னால பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாலு பேர். இதைப் பகிடியா எழுத மனம் வருகுதில்லை.

இப்ப வருவம், எங்கட பெருமைக் கதைக்கு. இப்பிடி ஏதாவது சொன்னால் ஒரு மாமா சிரிச்சுக்கொண்டு சொல்லுவார்: “மண்ணெண்ணெய்யில கார் ஓட்டின சனம் நாங்கள். எங்களுக்கு வயர் படிப்பிக்கிறியோ?” பொருளாதாரத் தடைக் காலத்தில யாழ்ப்பாணத்தில பெற்றோலும் பற்றரியும் தடைப்பட்ட பொருட்கள். மண்ணெண்ணெய்யில எஞ்சின் ஓடினது, சைக்கிள் டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்டது எல்லாம் உண்மை. அந்தக் கதைகளை நானும் ரசிச்சுக் கேட்கிறவன். ஆனால் அந்த ஆக்கள் என்ன செய்தவை என்று கவனமாக் கேளுங்கோ. மண்ணெண்ணெய் குளிரில ஆவியாகாது என்று தெரிஞ்சுதான் துளி பெற்றோல் விட்டு எஞ்சினைச் சூடாக்கி, சூடான பிறகு மாத்தினவை. டைனமோவை எவ்வளவு வேகமாச் சுத்தினால் றேடியோ கத்தும், எவ்வளவுக்கு மேல சுத்தினால் உள்ள எரிஞ்சுபோகும் என்று பழகி வைச்சிருந்தவை. புதுச் சாமான் வாங்க வழியே இல்லாததால ஏன் பழுதாகுது என்று யோசிச்சே ஆகவேண்டிய நிலை. இண்டைக்கு “சமாளிப்பு” என்ற பெயரில நடக்கிறது அதுக்கு நேரெதிர். அவையின்ர பெயரைச் சொல்லி வெள்ளித் தாள் சுத்துறது அவையை அவமதிக்கிற வேலை.

குற்றத்தை முழுக்க கராஜ்காரர் தலையில கட்டவும் நான் தயாரில்லை. பத்தாம் வகுப்போட வேலைக்கு வந்து, திட்டு வாங்கி வாங்கிப் பழகின பெடியனுக்கு யார் மீற்றர் பிடிக்கக் காட்டித் தந்தது? மாறாக நாங்கள், கணிதப் பிரிவுக்காரர், கேச்சோவின்ர விதிகளை மூன்று வருசம் திரும்பத் திரும்ப எழுதி, மீற்றர்ப் பாலத்தில பூச்சிய விலகல் கண்டுபிடிச்சு, ஏ எடுத்தனாங்கள். அந்த ஏ-யை வைச்சுக்கொண்டு அப்பாவின்ர மோட்டார் சைக்கிளில ஒரு பிளக்கின்ர இரண்டு பக்கமும் முனையை வைச்சு எத்தினை வோல்ற் விழுது என்று பார்த்தவர் எத்தினை பேர்? தெரிஞ்சவன் கையை அழுக்காக்கமாட்டான், கை அழுக்கானவனுக்குத் தெரிஞ்சவன் சொல்லிக் குடுக்கமாட்டான். இந்தச் சாதித் திமிர் எங்கட படிப்புக்குள்ள ஊறிக் கிடக்கு, அதைச் சாதி என்று சொல்லவே கூச்சப்படுறம், அவ்வளவுதான்.

இதுக்குள்ள காலமும் சேர்ந்து அடிச்சுது. 2020 மார்ச்சில வாகன இறக்குமதி நிண்டது. சொந்தப் பாவனைக் கார்களுக்கு 2025 பெப்ரவரி வரைக்கும் கதவு திறக்கேல்லை. அந்த அஞ்சு வருசமும் பழைய வண்டிகள் பழைய வயரோட ஓடிச்சுது, இப்பவும் ஓடுது. ஓட்டோக்காரருக்கு றெகுலேற்றர் எரிஞ்சால் சாமான் காசு ஒரு நட்டம், அண்டைய உழைப்பு இன்னொரு நட்டம், லீசிங் தவணை காத்திருக்காது. அந்த ஆளிட்டத் “டூப்ளிக்கேற் போட்டனீர்” என்று குற்றம் சொல்லுறது எனக்குக் குமட்டுது.

கிற் கார் கட்ட நினைக்கிற பெடியளுக்கு, அல்லது ஓட்டோ திருத்துறவைக்கு, செய்ய வேண்டியது பெரிய வித்தையில்லை. வயர் போட முதல் இடத்தைத் தேடுங்கோ. றேடியேற்றருக்குப் பின்னால வேண்டாம், அங்கே வாற காற்று ஏற்கெனவே சூடு. பக்கத்தில இருந்து வெளிக்காற்று நேராக வாற இடம் வேணும், செட்டைகள் காற்றுப் போற திசைக்கு இருக்க வேணும். பெயின்ற் சுரண்டின மூன்று நாலு மில்லிமீற்றர் அலுமினியத் தகட்டில, நடுவில கம்பியூட்டர்க்காரர் பாவிக்கிற வெப்பப் பசை பூசி இறுக்குங்கோ. இங்கிலாந்து வீடியோவில காட்டின இடத்தை அப்பிடியே கொப்பி அடிக்காதேங்கோ. அந்த ஆள் 20 பாகையில ஓடுறார், நீங்கள் சித்திரை வெயிலில 35 இல். சுற்றுச் சூழலைவிட 60 பாகை கூடுற பெட்டி அங்கே 80, இங்கே 95. மஞ்சள் வயரைக் கட்டையாக வையுங்கோ, பழைய பிளக்கை வெட்டி எறிஞ்சு நல்ல கிறிம்ப் கருவியால புது முள் அடியுங்கோ. ஈயம் மட்டும் பற்ற வைச்சால் அதிர்வில ஈயம் முடியிற இடத்தில வயர் முறியும். காற்றாடிக்கும் ஹெட்லைற்றுக்கும் றிலே போடுங்கோ, சாவிச் சுவிச்சுக்குள்ளால முழு ஓட்டத்தையும் இழுக்காதேங்கோ. சூடு பார்க்க, கொரோனா காலத்தில கடை வாசலில நெத்திக்குப் பிடிச்ச மீற்றர் அநேகமாகச் சரிவராது, அது உடம்புச் சூட்டு அளவுக்கு மட்டும். பொறியியலுக்கான அகச்சிவப்பு மீற்றர் வேற, கேட்டு வாங்குங்கோ.

“அண்ணை, மீற்றர் வைச்சுப் பார்த்தீங்களோ?” என்று ஒருக்கா கேட்டன். “இருவது வருசமாச் செய்யிறன், கையை வைச்சாலே தெரியும்” என்று பதில் வந்தது. அவருக்கும், நேரமில்லை என்று சொல்லப்போற எல்லாருக்கும் இது. சாதாரண டிஜிற்றல் மீற்றர் ஒரு நல்ல றெகுலேற்றரைவிட மலிவு. எஞ்சினை ஸ்ராட் பண்ணி நாலாயிரம் சுற்றுக்குக் கொண்டுவாங்கோ, லைற் காற்றாடி எல்லாம் போடுங்கோ. பற்றரியின்ர இரண்டு முனையிலயும் வையுங்கோ, 13.8 க்கும் 14.5 க்கும் இடையில நிற்க வேணும். பிறகு ஒரு முனையை றெகுலேற்றரின்ர பிளஸ் வயரிலயும் மற்றதைப் பற்றரியின்ர பிளசிலயும் வையுங்கோ. அதே மாதிரி மைனஸ் பக்கமும், எஞ்சின் உடம்புக்கும் பற்றரி மைனசுக்கும் இடையிலயும். ஒவ்வொன்றும் 0.2 வோல்ற்றுக்குள்ள இருந்தால் விடுங்கோ. அரை வோல்ற் காட்டினால் கடைக்குப் போகாமல் அந்த வயர் போற வழியில இருக்கிற முதல் பிளக்கைக் கழற்றிப் பாருங்கோ.